பிப்ரவரி 14: கோவை தன் மாண்டோரை நினைவுகூரும் நாள்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் காந்திபுரத்துப் பேருந்து நிலையங்களில் வந்திறங்கும் வெளியூர்ப் பயணி, அன்று கோவையில் ஏதோ நிகழவிருக்கிறது என்றே எண்ணுவார். பயணிகளின் பைகள் திறந்து பார்க்கப்படுகின்றன. மோப்ப நாய்களுடன் காவலர்கள் நடமாடுகின்றனர். ரயில் நிலையம், உக்கடம், கோட்டைமேடு, இரத்தினசபாபதிபுரம் ஆகிய பகுதிகளிலும் இதே காட்சிதான். ஆனால் நகரம் அஞ்சி நிற்பது நிகழ்ந்து முடிந்த ஒன்றின் நினைவாலேயாகும்.

1998ஆம் ஆண்டு பிப்ரவரி 14, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தலுக்கான பிரசாரம் நடந்துகொண்டிருந்த வேளை. பாரதிய ஜனதா கட்சித் தலைவர் எல்.கே. அத்வானி அன்று மாலை இரத்தினசபாபதிபுரத்தில் பேசவிருந்தார். அவரது விமானம் தாமதமாயிற்று. பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன் கூட்டத் திடலுக்கு அருகே சண்முகம் சாலையில் முதற் குண்டு வெடித்தது. தொடர்ந்து நகரின் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் குண்டுகள் வெடித்தன. ரயில் நிலையத்து வாகன நிறுத்துமிடமும், காந்திபுரத்தை ஒட்டிய வி.கே.கே. மேனன் சாலையும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அவற்றுள் அடங்கும். கார்களிலும் இரு சக்கர வாகனங்களிலும் மிதிவண்டிகளிலும் பழ வண்டிகளிலும் அவை வைக்கப்பட்டிருந்தன. 58 பேர் மாண்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வெடிமருந்து நிரப்பி விடப்பட்டிருந்த கார் ஒன்று பல நாட்களுக்குப் பின்பே செயலிழக்கச் செய்யப்பட்டது. அல் உம்மா என்னும் அமைப்பு தடை செய்யப்பட்டது. நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையத்தின் அறிக்கை 2000ஆம் ஆண்டில் சட்டப் பேரவையில் வைக்கப்பட்டது. 2007இல் தனி நீதிமன்றம் அவ்வமைப்பின் தலைவர் பாஷாவுக்கும் வேறு பலருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிலிருந்த கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி அதே தீர்ப்பில் விடுதலை பெற்றார்.

பழ வண்டியில் வைக்கப்பட்ட குண்டு, அருகே வருபவர் யார், எம்மதத்தவர், யாருக்கு வாக்களிப்பவர் என்று கேட்பதில்லை. எதிரி என்று எண்ணப்பட்ட ஒருவரை நோக்கி எறியப்படும் கல்லுக்குக் கூட ஒரு முகவரி உண்டு. கடைவீதியில் விடப்படும் மிதிவண்டிக்கு அதுவும் இல்லை. பயங்கரவாதத்தைப் பிற வன்செயல்களினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளம் இதுவே. அதனால் மாண்டோரை நினைவுகூருவதும் புதியதொரு கடமையாக நம்முன் நிற்கிறது.

நடுகல்லும் நினைவு நாளும்

கொங்கு நாட்டில் மாண்டோருக்குக் கல் எடுக்கும் மரபு மிகப் பழையது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும், ஊரைக் காக்கப் புலியோடு பொருது இறந்தவனுக்கும் கல் நட்டு வழிபட்டனர். புலிகுத்திக் கற்களை இன்றும் இப்பகுதியில் காணலாம். அக்கல்லில் இடம்பெறும் தகுதி செயலால் வருவது. அவன் ஒன்றைச் செய்தான், அதனால் இறந்தான், ஆகையால் கல்.

1998இல் மாண்டோருள் எவரும் எதையும் செய்து மாளவில்லை. ரயிலடியில் நின்றனர், மருத்துவமனையில் இருந்தனர், தெருவில் நடந்தனர். வீரர் என்ற சொல்லும் தியாகி என்ற சொல்லும் இவர்களுக்குப் பொருந்தா. இவர்களை அச்சொற்களால் அழைக்கும்போது, இவர்கள் தாமே தேர்ந்துகொள்ளாத ஒரு போரில் இவர்களைப் படைவீரராக்கி விடுகிறோம். பின்னர் அப்போர் தொடர வேண்டும் என்பதற்கு இவர்களின் மரணமே சான்றாக நிறுத்தப்படுகிறது. அப்பாவியாய் இறந்தவனை அப்பாவியாகவே நினைவுகூரும் வழி எது என்பதே நாம் எதிர்நோக்கும் வினா.

இவ்வினாவை உலகம் அண்மைக் காலத்தில்தான் கேட்கத் தொடங்கிற்று. நம் நாட்டில், முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி 1991ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்ட மே 21, பயங்கரவாத எதிர்ப்பு நாளாக அரசு அலுவலகங்களில் உறுதிமொழியுடன் கடைப்பிடிக்கப்படுகிறது. 2004ஆம் ஆண்டு மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்த மார்ச் 11ஐ ஐரோப்பிய நாடுகள் பாதிக்கப்பட்டோரின் நினைவு நாளாக ஏற்றன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2017இல் எடுத்த முடிவின்படி ஆகஸ்ட் 21 உலகெங்கும் அத்தகைய நாளாயிற்று. நம் நாட்டின் உறுதிமொழி வன்முறையை எதிர்ப்பதைப் பற்றியது; ஏனைய இரண்டும் மாண்டோரையும் உயிர் தப்பியோரையும் பற்றியவை. இவ்வேறுபாடு சிறிதன்று. காந்திபுரம் என்று பெயர் தாங்கும் பகுதியில் வாழ்வோருக்கு இன்னொரு நாளும் நினைவில் இருக்கும். மதவெறி கொண்டவனால் காந்தியடிகள் சுடப்பட்ட ஜனவரி 30 அன்று முற்பகல் 11 மணிக்கு நாடு இரு நிமிடம் மௌனம் காக்கிறது. 1998ஆம் ஆண்டு ஜனவரி 30இல் அக்கொலைக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. பதினைந்தே நாட்களில் கோவையில் குண்டுகள் வெடித்தன.

யாருடைய நாள்?

கோவையில் பிப்ரவரி 14 எவ்வாறு கடைப்பிடிக்கப்படுகிறது? பாரதிய ஜனதா கட்சியினரும் இந்து முன்னணி முதலிய அமைப்பினரும் இரத்தினசபாபதிபுரத்தில் கூடி மலரஞ்சலி செலுத்துகின்றனர். சுற்றிலும் காவலர் அணிவகுத்து நிற்பர். 2019ஆம் ஆண்டு இதே நாளில் காஷ்மீரத்துப் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் மாண்டனர். அவர்களுள் இருவர் தமிழ்நாட்டவர். அது முதல் இரு துயரங்களும் ஒரே நாளின் மேல் வந்தமர்ந்துள்ளன.

கூடுவோரை நாம் குறை கூற வரவில்லை. தம் உறவினரையும் தோழரையும் இழந்தவர் அழுவதற்கு எவரிடமும் உரிமை பெற வேண்டியதில்லை. ஏனையோர் ஏன் அங்கில்லை என்பதையே நாம் கேட்க விரும்புகிறோம். 58 பேரின் மரணம் ஒரு நகரத்தின் துயரம். அதை ஒரு சாரார் மட்டும் சுமக்க ஏனையோர் விட்டுவிட்டால், அது நாளடைவில் அச்சாராரின் சொத்தாகவே ஆகிவிடும். நம் சபைகள் பலவற்றிலும் அந்நாள் வேறெந்த நாளையும் போலவே கழிகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறியாக வேண்டும். 1997ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் கோவையில் குத்திக் கொல்லப்பட்டார். காவலர்கள் பணிக்குச் செல்ல மறுத்துப் போராடினர். மறுநாள் கலவரம் மூண்டது. முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. காவலரின் துப்பாக்கிச் சூட்டிலும் கும்பல்களின் கையிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். காயமுற்று அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டோரும் அங்கே தாக்கப்பட்டனர். பிப்ரவரியில் குண்டு வெடித்ததும் அதே மருத்துவமனையில்தான். நோயுற்றோருக்குப் புகலிடமாக எழுந்த ஒரே வளாகம் இரு சாராரின் குருதியையும் கண்டது.

இந்த 18 பேருக்கு நகரத்தில் பொது நினைவு நாள் இல்லை. அவர்களை நினைப்பவர் வீட்டுக்குள் நினைக்கின்றனர்.

இங்கே கவனம் வேண்டும். நவம்பரைச் சொல்வது பிப்ரவரியை நியாயப்படுத்துவதற்கா என்று சிலர் கேட்பர். இல்லை. பழ வண்டியில் குண்டு வைத்தவனுக்கு நவம்பர் எவ்வகையிலும் அனுமதி தரவில்லை. காவலரைக் கொன்றது கடைகளை எரிக்க அனுமதி தராதது போலவே இதுவும். ஒரு தீமையின் காரணத்தை விளக்குவது வேறு, அதனை மன்னிக்கத்தக்கதாக்குவது வேறு. இவ்விரண்டையும் குழப்புவோர் இரு பக்கத்திலும் உள்ளனர். நவம்பரை மட்டும் சொல்லிப் பிப்ரவரியை விழுங்குவோர் உண்டு. பிப்ரவரியில் தொடங்கி, அதற்கு முன் நகரம் அமைதிப் பூங்காவாய் இருந்ததைப் போலப் பேசுவோரும் உண்டு.

நவம்பர் 29க்கும் பிப்ரவரி 14க்கும் இடையே எழுபத்தேழு நாட்கள். எண்களில் மறைபொருள் தேடுவது நம் வழக்கமன்று. ஆயினும் ஆதியாகமத்தில் லாமேக்கு தன் மனைவியர் முன் பெருமையாய்ப் பேசும் பழி எழுபத்தேழு மடங்கு என்பதைத் திருமறை வாசகர் நினையாமலிரார்.

ரிஸ்பாளின் காவல்

திருமறையில் நினைவுகூர்தல் என்பது மனத்தில் நிகழும் ஒன்று மட்டுமன்று. 'சாகர்' என்னும் எபிரேயச் சொல் நினைப்பதையும் நினைத்தபடி செயற்படுவதையும் ஒருங்கே குறிக்கும். தேவன் நோவாவை நினைத்தருளினார் என்றால் வெள்ளம் வடியத் தொடங்கிற்று என்று பொருள். திருவிருந்தில் நாம் செய்யும் நினைவுகூர்தலும் இவ்வகையைச் சார்ந்ததே. ஆகவே ஒரு நகரம் தன் மாண்டோரை நினைக்கும்போது அந்நினைவு எச்செயலாக முடிகிறது என்பது இறையியலுக்கு அயலான கேள்வியன்று.

இதற்கு 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தைப் போல் துணை செய்யும் பகுதி வேறில்லை என்பது நம் எண்ணம். ஆராதனைகளில் இப்பகுதி அரிதாகவே வாசிக்கப்படுகிறது, காரணம் புரியாததன்று. நாட்டில் மூன்று ஆண்டு பஞ்சம். சவுல் கிபியோனியரைக் கொன்ற பழியே அதற்குக் காரணம் என்று அறியப்படுகிறது. பழிக்கு ஈடாகக் கிபியோனியர் சவுலின் வழித்தோன்றல்கள் எழுவரைக் கேட்கின்றனர். தாவீது ஒப்படைக்கிறான். எழுவரும் மலையில் தூக்கிலிடப்படுகின்றனர். அவர்களுள் இருவர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் பெற்ற மக்கள். ஏனைய ஐவர் சவுலின் மகள் வயிற்றுப் பேரர்.

ரிஸ்பாள் இரட்டை எடுத்துப் பாறையின் மேல் விரிக்கிறாள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்திலிருந்து வானத்திலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே இருக்கிறாள். பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் உடல்களின் அருகே அண்டவிடாமல் காக்கிறாள். அவள் பேசியதாக ஒரு சொல்லும் பதிவாகவில்லை.

இக்கதையை வாசிப்போர் பெரும்பாலும் தாயன்பையே காண்கின்றனர். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. அவள் இரு உடல்களை மட்டும் காக்கவில்லை. அண்டிவரும் கழுகுக்கு அவள் பிள்ளை எது, பிறர் பிள்ளை எது என்று தெரியாது. அவளும் பிரித்துப் பார்த்ததாகக் கதை கூறவில்லை. எழுவரின் மேலும் ஒரே காவல். அவள் தன் மக்களுக்காக அழுவதைக் கைவிட்டவளும் அல்லள். தன் துயரத்தைப் பொதுத்துயரம் என்னும் மங்கலான ஒன்றில் கரைத்துவிடவில்லை. தன்னுடையவரைக் காக்கும் அதே இரட்டின் மேலிருந்து பிறருடையவரையும் காத்தாள்.

தாவீது அதைக் கேள்விப்படுகிறான். யாபேஸ் கீலேயாத்திலிருந்து சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் கொணர்ந்து, தூக்கிலிடப்பட்டோரின் எலும்புகளையும் சேர்த்து அடக்கம் செய்விக்கிறான். அதற்குப் பின்பே தேவன் நாட்டுக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்துக்கு இரங்கினார் என்று ஆசிரியர் எழுதுகிறார். எழுவர் தூக்கிலிடப்பட்டவுடன் அவர் அவ்வாறு எழுதவில்லை. பழிக்குப் பழி எண்ணிக்கை சரியாயிற்று என்ற இடத்தில் கதை முடியவில்லை என்பதை விளக்கவுரையாளர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இத்துடன் லூக்கா 13இன் தொடக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது நன்று. பலிபீடத்தருகே பிலாத்துவால் கொல்லப்பட்ட கலிலேயரைப் பற்றிச் சிலர் இயேசுவிடம் வந்து கூறுகின்றனர். மாண்டோரின் மரணத்திலிருந்து அவர்களது குற்றத்தை அளக்க அவர் இடங்கொடுக்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்தோரையும் அவரே நினைவூட்டி, பேச்சைக் கேட்டு நின்றோரின் பக்கம் திருப்பிவிடுகிறார்.

இலங்கைத் திருச்சபையின் அனுபவம்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் ஞாயிறு. கொழும்புக் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்புக் கட்டுவப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் மாண்டோருள் ஓய்வுநாள் பள்ளிச் சிறுவர் பலர். அவர்கள் நம் மொழி பேசிய பிள்ளைகள்.

மறு ஆண்டு உயிர்த்தெழுதல் நாளில் கர்தினால் மால்கம் ரஞ்சித், தாக்கியோரைத் தாம் மன்னித்ததாகக் கூறினார். ஆனால் மன்னிப்போடு அவர் வாய்மூடவில்லை. முன்னெச்சரிக்கை வந்தும் தடுக்காதோர் யார், பின்னணியில் இருந்தோர் யார் என்று ஆண்டுதோறும் கேட்டு வந்தார். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன உள்ளிட்டோர் கடமை தவறினர் என்று தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மன்னிப்பதும் உண்மையைக் கேட்பதும் ஒன்றையொன்று விலக்கும் என்று நம்மிடையே எண்ணுவோர் உளர். சமாதானம் என்ற பெயரில் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள் என்று ஆலோசனை கூறுவோரும் அவர்களே. இலங்கையின் அனுபவம் அதற்கு நேர்மாறானது.

சபைகள் செய்யக்கூடியவை

கோவையிலும் கொங்கு நாட்டின் பிற ஊர்களிலும் பணியாற்றும் போதகர்கள், இதை எவ்வாறு தொடங்குவது என்று கேட்கக்கூடும். பெரிய ஏற்பாடுகளை நாம் பரிந்துரைக்கவில்லை. பிப்ரவரி 14ஐ அடுத்து வரும் ஞாயிறு ஆராதனையின் பொது மன்றாட்டில் 1998இல் மாண்ட 58 பேரையும், 1997இல் மாண்ட காவலரையும், 18 பேரையும், அந்தந்த ஆண்டையும் எண்ணையும் சொல்லி நினைவுகூரலாம். 'வன்முறையால் இறந்த அனைவரும்' என்று பொதுவாக முடித்துவிடுவது எளிது. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் மன்றாட்டு எவருடைய செவியிலும் தைப்பதில்லை. பெயர்களை வாசிப்பதானால் குடும்பத்தாரின் இசைவு வேண்டும். சிதைந்த உடல்களின் படங்களைக் காட்டுவது எக்காரணத்தாலும் கூடாது. அது துயரத்தை வளர்ப்பதில்லை, சினத்தையே வளர்க்கும்.

காலிழந்தும் கேள்வியிழந்தும் இன்றுவரை வாழ்வோரைச் சந்திப்பது இன்னும் நல்லது. அதற்கு 14ஆம் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டாம். அன்று சோதனைச் சாவடிகளும் செய்தியாளரின் படக்கருவிகளும் மிகுதி. ஒரு வாரம் முன்னரே, சபையின் பெயர்ப்பலகை இன்றிச் செல்வதே தக்கது.

உக்கடம் கோட்டை சங்கமேசுவரர் கோயில் முன் 2022 அக்டோபர் 23 அதிகாலையில் ஒரு கார் வெடித்தது. காரிலிருந்தவர் மாண்டார். நகரம் மீண்டும் 1998ஐ நினைத்து நடுங்கிற்று. அதன்பின் சில நாட்களில் கோவை ஜமாஅத்துகளின் பிரதிநிதிகள் அக்கோயிலுக்கே சென்று கோயிலாரைச் சந்தித்தனர். யாரும் அவர்களை அழைத்துச் செல்லவில்லை. குற்றம் அவர்களுடையதும் அன்று. அச்சந்திப்பைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை முறை பேசப்பட்டது? இரு சாராருக்கும் இடையே பாலமாயிருப்போம் என்று கிறிஸ்தவர்கள் அடிக்கடி கூறிக்கொள்வதுண்டு. அவர்களே தமக்குள் நடந்து சென்ற வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது; அதில் உடன் நடப்பதே நமக்கு இப்போதுள்ள பணி எனலாம். நடுநிலை என்ற பெயரில் எட்ட நிற்பதற்குச் செலவு குறைவு. அதனால்தான் அது நமக்கு விருப்பமாயிருக்கிறது.

இளைஞரைப் பற்றியும் ஒரு சொல். இன்று கல்லூரிகளில் பயில்வோர் 1998இல் பிறந்திருக்கவில்லை. அந்நாளைப் பற்றி அவர்களுக்குக் கிடைப்பது கைப்பேசியில் வரும் துண்டுச் செய்திகளே. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மாதத்தைச் சொல்லி மற்ற மாதத்தை மறைப்பவை. வாலிபர் கூடுகைகளில் நவம்பரையும் பிப்ரவரியையும் ஒரே அமர்வில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லத் தக்கவர் ஒருவரை அழைப்பது நலம்.

இருபதாம் நினைவு ஆண்டான 2018இல் பிப்ரவரி 14 சாம்பல் புதனாக அமைந்தது. 2024இலும் அவ்வாறே. 2029ஆம் ஆண்டில் மீண்டும் அவ்விரு நாட்களும் ஒன்றாக வருகின்றன. லெந்து காலத் தொடக்க ஆராதனைக்கென, 2 சாமுவேல் 21ஐ வாசகமாகக் கொண்ட மன்றாட்டு ஒழுங்கு ஒன்றைக் கோவைப் பகுதிப் போதகர்கள் கூடி ஆயத்தம் செய்ய விரும்பினால், அதற்குப் போதிய காலம் இருக்கிறது.